துறைகள் கூடும் களம்

அறிவு ஒன்றே. அதனைப் பயிலும் வசதி கருதியே முன்னோர் அதனைப் பல துறைகளாக வகுத்தனர். வசதிக்காக இட்ட வரப்புகள் நாளடைவில் மதில்களாக உயர்ந்துவிட்டன. இன்று ஒரே கல்லூரியில் பணியாற்றினும், தமிழ்த்துறையார் எதனை ஆய்கின்றனர் என்பதை விலங்கியல் துறையார் அறியார். விலங்கியலார் காட்டில் எதனைத் தேடுகின்றனர் என்பதைத் தமிழாசிரியர் அறியார். இருவரும் தேநீர் வேளையில் சந்தித்தால் தேர்வுப் பணியைப் பற்றிப் பேசுவர். விடைத்தாள் திருத்துவதைப் பற்றிப் பேசுவர். ஆய்வைப் பற்றிப் பேசுவது அரிது.

இக்குறையைப் போக்கும் நோக்குடன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களை அழைத்துப் பல்துறைச் சொற்பொழிவுகள் நடத்தும் வழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியை வலியுறுத்திய பின்னர் இவ்வழக்கத்திற்கு மேலும் ஒரு தூண்டுதல் கிடைத்துள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சொற்பொழிவு முடிந்து, நாற்காலிகளை அடுக்கிய பின்னர், அங்கு எஞ்சி நிற்பது என்ன என்னும் வினாவை நாம் எழுப்பியே ஆகவேண்டும்.

துறைகளைக் கடந்து ஆயுங்கள் என்று அறிவுரை கூறுவதால் மட்டும் அத்தகைய ஆய்வு பிறந்துவிடாது. ஒரு பொருளைச் சுற்றி இரு துறையார் அமர்ந்து, தனித்தனியே விடை காணவியலாத ஒரு வினாவைச் சேர்ந்து எழுப்பும்போதே அது பிறக்கும். அத்தகைய பொருள்களைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. களக்காட்டு மலையடிவாரம் முதல் தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் வரை அவை நம் காலடியிலேயே கிடக்கின்றன. இச்சொற்பொழிவுகளை ஏற்று நடத்தத் தமிழ்த்துறையே தகுதி வாய்ந்தது என்றும் நாம் கருதுகிறோம். அவற்றிற்கான காரணங்களை ஈண்டுக் கூறுவோம்.

பல்கலைக்கழகத்தின் பெயரே ஒரு பாடம்

தென்மாவட்டக் கல்லூரிகளுக்கெனத் திருநெல்வேலியில் 1990ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற பல்கலைக்கழகம் மனோன்மணியம் சுந்தரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாள்தோறும் அப்பெயரை எழுதுகிறோம், சான்றிதழ்களில் காண்கிறோம். ஆயினும் அப்பெயருக்குரியவர் யார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தோமா?

1855ஆம் ஆண்டு பிறந்து 1897ஆம் ஆண்டு மறைந்த பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். தத்துவம் கற்பித்த அவரே 1891இல் 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்தை இயற்றினார். அவரே கல்வெட்டுகளைப் படியெடுத்துத் திருவிதாங்கூரின் பண்டை மன்னர்களின் காலத்தை ஆராய்ந்தார். திருஞானசம்பந்தர் காலத்தை வரையறுக்க வரலாற்றுச் சான்றுகளைத் தேடியவரும் அவரே. இவை அனைத்தினும் நம் கருத்துக்கு இன்றியமையாதது அவர் எழுதிய 'நூற்றொகை விளக்கம்' என்னும் சிறுநூல். அறிவுத்துறைகள் எவை, அவை எவ்வாறு வகைப்படும் என்பதைத் தமிழ் உரைநடையில் விளக்க முற்பட்ட நூல் அது. துறைகளின் எல்லைகளை அறிந்து எழுதியவரே அவ்வெல்லைகளைத் தம் வாழ்வில் எளிதாகக் கடந்து சென்றார்.

அவர் பெயரால் அமைந்த பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் கல்லூரி மேடைகளில் ஏறிப் பல்துறை ஆய்வைப் பற்றிப் பேசும்போது, அயல்நாட்டு அறிஞர்களின் கோட்பாடுகளில் தொடங்க வேண்டியதில்லை. தம் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்கினாலே போதும்.

நாங்குநேரி காட்டிய வழி

களக்காட்டிற்கு அண்மையிலுள்ள நாங்குநேரியில் 1917ஆம் ஆண்டு பிறந்தவர் நா. வானமாமலை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வாழ்ந்த அவர், 1967ஆம் ஆண்டு நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். அக்குழுவின் கூட்டங்களில் இலக்கியம், வரலாறு, சமூகவியல், மானிடவியல், தத்துவம், நாட்டார் வழக்காறு எனப் பல பொருள்கள் குறித்த கட்டுரைகள் படிக்கப்பெற்றன. படித்த கட்டுரை விவாதிக்கப்பட்டது. விவாதத்தைத் தாங்கிய கட்டுரை திருத்தம் பெற்றது. 1969இல் 'ஆராய்ச்சி' என்னும் இதழ் பிறந்தது. பெருநிறுவனத்தின் பொருளுதவியோ மாளிகையோ இல்லாத ஒரு சிறு குழு, தமிழ்நாட்டில் நாட்டார் வழக்காற்று ஆய்வின் போக்கையே மாற்றியமைத்தது எனின் மிகையாகாது.

1970களின் தொடக்கத்தில் அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவற்றுள் ஒன்று 'கான்சாகிபு சண்டை'. 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானைப் பற்றிய அக்கதைப்பாடலைத் தமிழாசிரியர் மட்டும் படித்தால் யாப்பும் வழக்குச் சொல்லும் புலப்படும். வரலாற்றாசிரியர் மட்டும் படித்தால் கும்பினியாரின் ஆவணங்களோடு ஒத்துவராத இடங்களே கண்ணில் படும். இருவரும் சேர்ந்து படித்தால், மக்கள் ஒரு படைத்தலைவனை ஏன் அவ்வாறு நினைவிற்கொண்டனர், ஆவணம் மறைத்ததைப் பாடல் ஏன் பேசியது என்னும் மூன்றாவது வினா எழும். அவ்வினாவே ஆய்வின் தொடக்கம்.

அவர் பதிப்பித்த மற்றொன்று 'முத்துப்பட்டன் கதை'. அந்தணனாகப் பிறந்து, அருந்ததியர் குலப் பெண்களை மணந்து, மாடுகளை மீட்கப் போரிட்டு மாண்ட முத்துப்பட்டன், பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக இன்றும் வணங்கப்பெறுகிறான். அக்கோயில் அமைந்திருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள். ஆடி அமாவாசைக்குப் பெருந்திரளான மக்கள் அங்கே கூடுகின்றனர். வழிபட வருவோரின் உரிமை ஒருபுறம். காட்டின் அமைதியும் ஆற்றுநீரின் தூய்மையும் மறுபுறம். இச்சிக்கலை வனத்துறை மட்டும் தீர்க்க முடியுமா? கதையை அறியாதவர் அம்மக்கள் ஏன் வருகின்றனர் என்பதை அறியார். காட்டை அறியாதவர் அவர்கள் வருகையால் எது கெடுகிறது என்பதை அறியார். ஒரு கதைப்பாடல், ஒரு கோயில், ஒரு புலிக்காடு, ஓர் ஆறு ஆகிய நான்கும் ஒன்றாய் நிற்கும் இடத்தில் நாம் மட்டும் ஏன் பிரிந்து நிற்க வேண்டும்?

களக்காடு என்னும் பாடநூல்

இனிக் களக்காட்டையே நோக்குவோம். அதன் மேற்கே நிற்கும் மலை, மழைக்காடுகளின் உறைவிடம். முண்டந்துறை சரணாலயம் 1962இலும், களக்காடு சரணாலயம் 1976இலும் அமைக்கப்பெற்றன. இரண்டும் இணைக்கப்பெற்று 1988இல் தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகம் உருவாயிற்று. களக்காடு சரணாலயம் புலியின் பொருட்டு அமைக்கப்பட்டதன்று. சிங்கவால் குரங்கின் பொருட்டு அமைக்கப்பட்டது. 1970களில் இம்மலைகளில் அக்குரங்கினத்தை ஆராய்ந்த அறிஞர்கள் அது வாழத் தொடர்ச்சியான பசுமைமாறாக் காடு வேண்டும் என்பதை எடுத்துக்காட்டினர். மரக்கிளைகளின் வழியே செல்லும் விலங்கு அது; தோட்டப்பயிர்களுக்காகக் காடு துண்டாடப்பட்டால் அதன் வாழ்வும் துண்டாகும்.

குரங்கைப் பற்றிய ஆய்வாகத் தொடங்கியது காட்டைக் காக்கும் செயலாக முடிந்தது. காடு காக்கப்பட்டதன் பயன் காட்டோடு நிற்பதில்லை. களக்காட்டு மலையில் தோன்றும் பச்சையாறு அக்காட்டு நீரைச் சமவெளிக்குக் கொணர்ந்து, கால்கள் வழியாகக் குளங்களை நிரப்பி, இறுதியில் தாமிரபரணியில் கலக்கிறது. குளத்து நீர் வயலுக்குப் பாய்கிறது. நெல்லோடு வாழையும் விளையும் பூமி இது; களக்காட்டு ஏத்தன் வாழைக்குத் தனிப்பெயர் உண்டு. வாழை விளையும் தோட்டத்திற்குக் காட்டுப்பன்றி வருகிறது. பன்றி வந்தால் உழவர் காட்டை வெறுக்கிறார். காடு வெறுக்கப்பட்டால் நாளடைவில் ஆறும் வறளும். இச்சங்கிலியின் எந்தக் கண்ணியைத் தனியே கழற்றி எந்தத் துறையிடம் ஒப்படைப்பது?

விலங்கியலார் பன்றியை அறிவர். பொருளியலார் வாழையின் விலையை அறிவர். நிலவியலார் ஆற்றின் போக்கை அறிவர். சட்டம் பயின்றோர் இழப்பீட்டு விதியை அறிவர். தமிழாசிரியர் அறிவது யாது? இங்கேதான் தமிழ்த்துறையின் இடம் தெளிவாகிறது. இப்பகுதி உழவர்கள் கார் என்றும் பிசானம் என்றும் பருவங்களைப் பிரிக்கின்றனர். மடை, மதகு, மறுகால், கால் என நீரின் ஒவ்வோர் அசைவிற்கும் ஒரு சொல் வைத்துள்ளனர். இச்சொற்கள் பல தலைமுறை மக்கள் மழையையும் மண்ணையும் கண்டு திரட்டிய அறிவின் சுருக்கக் குறிப்புகள். ஒரு சொல் வழக்கொழியும்போது அது குறித்த நடைமுறையும் மறைந்துவிட்டது என்று கொள்ளலாம். சொல்லைத் தொகுப்பவர் நீரியல் அறிஞரோடு நடந்து சென்றால், எந்தச் சொல் எந்தக் குளத்தில் மறைந்தது, ஏன் மறைந்தது என்பது தெரியவரும்.

வரலாற்றுத் துறைக்கும் இங்குப் பணி உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் திருவிதாங்கூர்ப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் களக்காட்டைக் கைக்கொள்ளப் போரிட்டன. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இச்செய்திகள் இடம்பெறுகின்றன. மேற்கே மலையாள நாடு, கிழக்கே பாண்டி நாடு என இரண்டுக்கும் நடுவே நின்ற ஊர் இது. எனவே இதன் பேச்சுவழக்கு, வழிபாடு, நிலவுரிமை ஆகிய மூன்றிலும் எல்லைப்புற இயல்பு எத்துணை படிந்துள்ளது என்பதை ஆராய மொழியியல், சமயவியல், வரலாறு ஆகிய மூன்று துறையாரும் கூட வேண்டும்.

பாயும் தாழியும்

களக்காட்டிலிருந்து வடக்கே சேரன்மகாதேவி நோக்கிச் சென்றால் அதனையடுத்துள்ளது பத்தமடை. அவ்வூர்ப் பாய், 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனை நெய்வோர் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். அவர்களுள்ளும் பெண்களின் உழைப்பே மிகுதி. ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி நெய்யும் அக்கலையில் எத்தனை துறைகள் அடங்கியுள்ளன என எண்ணிப் பாருங்கள்! கோரை தாவரவியலுக்குரியது. அது ஊறும் நீர் வேதியியலுக்கும் சூழலியலுக்கும் உரியது. சாயம் மீண்டும் வேதியியலுக்குரியது. கூலியும் சந்தையும் பொருளியலுக்குரியன. நெய்வோரின் சமுதாய வரலாறும் தொழிற்சொற்களும் நமக்குரியன.

ஆற்றங்கரைக் கோரை அருகிப் போனால் நெசவாளர் வெளியூர்க் கோரையை நாட வேண்டியுள்ளது. இளையோர் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். இந்நிலையில் பொருளியல் மாணவர் கூலியை மட்டும் கணக்கிட்டு ஓர் ஆய்வேடு எழுதுவதும், தமிழ் மாணவர் தொழிற்சொற்களை மட்டும் தொகுத்து மற்றோர் ஆய்வேடு எழுதுவதும், இரண்டும் இரு வேறு நூலகங்களில் உறங்குவதும் யாருக்குப் பயன்? தறியின் முன் அமர்ந்திருக்கும் அப்பெண்மணிக்கு இரண்டாலும் பயனில்லை. கோரை ஏன் குறைந்தது, எவ்வாறு மீண்டும் வளர்ப்பது, அதனால் அவர் கூலி உயருமா என்னும் வினாவிற்கு இரு துறையாரும் சேர்ந்தே விடை கூறமுடியும்.

ஆற்றின் கீழ்ப்பகுதிக்குச் சென்றால் ஆதிச்சநல்லூரும் சிவகளையும் உள்ளன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்த பொருள்கள் பல பத்தாண்டுகள் காட்சிப் பொருள்களாகவே இருந்தன. சிவகளையில் தமிழகத் தொல்லியல் துறை கண்டெடுத்த முதுமக்கள் தாழியொன்றிலிருந்த நெல்லைக் கரிமக் காலக்கணிப்பிற்கு உட்படுத்தியபோது கி.மு. 1155 என்னும் காலம் கிடைத்தது. இச்செய்தி 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. 2025 சனவரியில் வெளியான இரும்பின் தொன்மை குறித்த அறிக்கை, சிவகளை மாதிரிகளின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை பின்னோக்கிக் கொண்டுசென்றது. அம்முடிவுகள் அறிஞர்களிடையே இன்னும் விவாதிக்கப்பட வேண்டியவை. ஆயினும் ஒன்று உறுதி. தாழியைக் கண்டவர் தொல்லியலார். நெல்லை அறிந்தவர் தாவரவியலார். காலத்தைக் கணித்தவர் இயற்பியலார். அத்தாழியில் நெல்லை வைத்தவரின் மனத்தை அறிய முயல்வோர் இலக்கியமும் மானிடவியலும் பயின்றோராக இருத்தல் வேண்டும். தாழி ஒன்று, அதனைப் படிக்க வேண்டிய கண்கள் பல.

மலைக்கு அப்பால் ஓர் எச்சரிக்கை

துறைகள் உரிய காலத்தில் கூடாவிடின் நேரும் இழப்பு யாருடையது என்பதை இதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில் நிகழ்ந்த ஒரு செய்தி காட்டும். 1987இல் அகத்தியர் மலைப்பகுதிக்குச் சென்ற அறிவியலாளர்களுக்கு வழிகாட்டிய காணி மக்கள் களைப்பின்றி நடந்தனர்; தாம் உண்ட ஒரு சிறுகனியை அவர்களுக்கும் கொடுத்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைத் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து, 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கினர். 1995இல் அதன் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்திற்கு 10 இலட்சம் ரூபாய்க்கு வழங்கப்பெற்றது. கிடைத்த தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு அளிப்பதென முடிவு செய்து, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைக்கப்பெற்றது. பழங்குடியினரின் அறிவிற்குப் பங்கு அளித்த முன்னோடி நிகழ்ச்சியாக உலகம் இதனைப் போற்றுகிறது.

போற்றத்தக்கதே. ஆயினும் காட்டிலிருந்து இலை பறிப்பதற்கு வனத்துறையின் தடை எழுந்தது. தங்களைக் கலந்து பேசவில்லை எனக் காணி மக்களில் ஒரு பகுதியினர் வருந்தினர். செடியை அறிந்த தாவரவியலாரும் மருந்தை அறிந்த வேதியியலாரும் தொடக்கத்திலேயே இருந்தனர். காட்டுச் சட்டத்தை அறிந்தவரும், அம்மக்களின் ஊரமைப்பையும் மொழியையும் அறிந்தவரும் தொடக்கத்திலேயே உடன் அமர்ந்திருந்தால், இவ்விரு சிக்கல்களையும் முன்கூட்டியே உணர்ந்திருக்கலாம். காணி மக்கள் மலையின் இப்பக்கத்திலும் வாழ்கின்றனர். நாளை அவர்களிடம் செல்லும் நம் மாணவர் இவ்வரலாற்றை அறிந்து செல்ல வேண்டாவா? பல்துறை ஆய்வைச் சிலர் அறிஞர்களின் அலங்காரம் என எண்ணுகின்றனர். அது எளியவரின் உரிமையைக் காக்கும் வழியும் ஆகும்.

நம் மரபுக்குப் புதிதன்று

இஸ்லாமியர்க்கு அருளப்பெற்ற முதற் கட்டளையே ஓதுமாறு பணித்த கட்டளைதான். எத்துறையை ஓதுவது என்று அங்கு எல்லை வகுக்கப்பெறவில்லை. 973ஆம் ஆண்டு பிறந்த அல்பிரூனி, வானியலும் கணிதமும் வல்லவர். ஒரு மலையின் உயரத்தைக் கொண்டு புவியின் அளவைக் கணித்தவர். அவரே வடமொழி கற்று, ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை அரபு மொழியில் எழுதினார். பிறருடைய அறிவை அவர்களுடைய மொழியிலேயே கற்றறிந்த பின்னரே அதனைப் பற்றிப் பேச முற்பட்ட அந்த அடக்கமே பல்துறை ஆய்வின் முதல் இலக்கணம்.

தமிழகத்தில் அரபுத்தமிழ் மரபு இதற்கு ஏற்ற சான்று. அரபு எழுத்தில் எழுதப்பெற்ற தமிழ் நூல்கள் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் இலங்கையிலும் வழங்கின. அரபு மட்டும் கற்றவருக்கு அவற்றின் தமிழ்ச் சந்தம் புலப்படாது. தமிழ் மட்டும் கற்றவருக்கு எழுத்தே புலப்படாது. இரண்டும் கற்றவரும் தாளைக் காக்கும் வேதியியலாரின் துணையின்றிச் சிதையும் சுவடியைக் காப்பாற்ற இயலாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென ஓர் இருக்கை அமைந்து, இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் அங்குப் பணியாற்றியதும், அவரும் பீ.மு. அஜ்மல்கானும் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியதும் நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கவை. அப்பணியின் தொடர்ச்சி இன்று வீடுகளின் பரண்களில் காத்துக் கிடக்கிறது.

குறை எங்கே?

இத்துணைப் பொருள்கள் இருந்தும் பல்துறைச் சொற்பொழிவுகள் ஏன் ஆய்வாக மலர்வதில்லை? முதற்குறை, சடங்கு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என நேரம் கழிகிறது. சிறப்புரைக்குப் பின் ஐயம் எழுப்பக் கால்மணி நேரமும் எஞ்சுவதில்லை. இரண்டாவது, மொழி. அறிவியல் பேராசிரியர் ஆங்கிலக் கலைச்சொற்களை அடுக்குகிறார். தமிழ்ப் பேராசிரியர் செய்யுள் நடையில் பொழிகிறார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்குவதில்லை. மூன்றாவது, தனிமை. ஒருவர் வந்து பேசி, மாலைப் பேருந்தில் திரும்பிவிடுகிறார். அவர் கூறியதை மறுக்கவோ நிரப்பவோ மறுதுறை அறிஞர் ஒருவர் மேடையில் இல்லை.

பல துறைகளைத் தொடுபவர் எதிலும் ஆழ்ந்து செல்லார் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் நியாயமானதே. வரலாற்றுச் சான்றை மதிப்பிடத் தெரியாமல் வரலாறு எழுதும் தமிழாசிரியரும், மூலநூலைப் படியாமல் சங்க இலக்கியத்தில் அறிவியல் காணும் அறிவியலாரும் நம்மிடையே உளர். நாம் வேண்டுவது அதுவன்று. ஒவ்வொருவரும் தம் துறையில் ஆழ வேரூன்றி நிற்றல் வேண்டும். தாம் அறியாததை அயல்துறையாரிடம் வெட்கமின்றிக் கேட்டல் வேண்டும். ஒருவரே பல துறைகளைக் கற்பதைவிடப் பல துறையார் ஒரு பொருளைக் கற்பதே இன்றைய தேவை.

நாம் முன்வைக்கும் திட்டம்

இதற்கெனப் பெருஞ்செலவு வேண்டா. ஆண்டுக்கு நான்கு சொற்பொழிவுகள் போதும். ஒவ்வொன்றும் துறையின் பெயரால் அன்றிப் பொருளின் பெயரால் அமையட்டும். பச்சையாறு, பத்தமடைப் பாய், சொரிமுத்தையனார் கோயில், அரபுத்தமிழ்ச் சுவடி என்பன முதலாண்டின் தலைப்புகளாகலாம். ஒவ்வொரு தலைப்பிற்கும் இரு வேறு துறைகளைச் சார்ந்த இரு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஒரே மேடையில் பேசட்டும். அபிசேகப்பட்டி வளாகத்தின் மொழி, வரலாற்றுத் துறையினரும், ஆழ்வார்குறிச்சியிலுள்ள சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தினரும் ஒரு மணி நேரப் பயணத்தில் கூடக்கூடியவர்களே.

மூன்றாவது நாற்காலி ஒன்றும் மேடையில் வேண்டும். அதில் அப்பொருளோடு வாழ்பவர் அமர வேண்டும். குளத்திற்கு நீர் பாய்ச்சும் முதியவர், பாய் நெய்யும் பெண்மணி, காணி மூப்பர் ஆகியோர் தாம் அறிந்ததைக் கூறட்டும். பேராசிரியருக்கு அளிக்கும் மதிப்பூதியமே அவருக்கும் அளிக்கப்பெற வேண்டும். அவரது அறிவைப் பயன்படுத்தி எழுதப்பெறும் கட்டுரையில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும்.

உரைகள் யாவும் தமிழிலேயே நிகழட்டும். எட்டாம் வகுப்பு வரை படித்த உழவருக்கு விளங்குமாறு பேச இயலாத கருத்து, பிறதுறைப் பேராசிரியருக்கும் விளங்காது. கலைச்சொற்களின் சிறு பட்டியலொன்றைத் தமிழ்த்துறை மாணவர்கள் முன்னரே அச்சிட்டு வழங்கலாம். மொழிபெயர்ப்பாளராக நின்று துறைகளை இணைப்பதே இக்காலத்தில் தமிழ்த்துறை செய்யக்கூடிய தலையாய பணி. அதனால்தான் இச்சொற்பொழிவுகளைத் தமிழ்த்துறையே ஏற்று நடத்த வேண்டும் என்கிறோம்.

சொற்பொழிவு நிகழ்ந்த ஒரு திங்களுக்குள், இரு துறை மாணவர்கள் இணைந்து, அங்கு எழுந்த வினா ஒன்றினை இரண்டு பக்கங்களில் எழுதிப் படிக்கட்டும். விடை வேண்டா, தெளிவான வினா போதும். நெல்லை ஆய்வுக் குழு செய்ததுபோல அதனைக் கூடி விவாதிப்போம். பத்து வினாக்களில் ஒன்று முனைவர் பட்ட ஆய்வாக வளர்ந்தாலும் அது பெரும்பயனே.

பல்கலைக்கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, மனம் திறந்து ஒன்றைக் கூற வேண்டும். மேடையில் துறைகளைக் கடந்து வாருங்கள் என மாணவரை அழைக்கிறோம். அழைப்பை ஏற்றுக் கடந்து சென்ற மாணவர், பணி வாய்ப்பிற்கான நேர்காணலில் நிற்கும்போது, இப்பட்டம் எத்துறையைச் சார்ந்தது என்னும் கேள்விக்கு விடை கூற வேண்டியவராகிறார். எந்தப் பட்டம் எந்தப் பட்டத்திற்கு இணையானது என்பது குறித்துத் தமிழக அரசு அவ்வப்போது ஆணைகள் வெளியிட்டு வருகிறது. இணையன்று என அறிவிக்கப்பெறும் பட்டங்களும் அவற்றுள் உண்டு. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவருக்கு இது வாழ்வா தாழ்வா என்னும் கேள்வி. பீடி சுற்றியும் வாழைத்தார் சுமந்தும் படிக்க வைத்த பெற்றோரின் நம்பிக்கையை நம் உற்சாகத்திற்காகப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, பல்துறைச் சொற்பொழிவிற்குப் பேராசிரியர்களை அனுப்பும் பல்கலைக்கழகங்கள் இரண்டு செயல்களையும் உடன் செய்ய வேண்டும். அயல்துறைப் பேராசிரியரை இணை நெறியாளராகக் கொள்ளும் வழியை எளிமையாக்க வேண்டும். பல்துறை ஆய்வில் சேரும் மாணவருக்கு, அவர் பெறவிருக்கும் பட்டம் எத்துறையின் பணிக்கு உரியது என்பதைச் சேர்க்கையின்போதே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும்வரை மாணவர் தம் தாய்த்துறையிலேயே பட்டத்திற்குப் பதிவு செய்துகொண்டு, அயல்துறையின் துணையை ஆய்வினுள் பெறுவதே பாதுகாப்பான வழி என அறிவுறுத்துகிறோம்.

பச்சையாறு களக்காட்டை விட்டு நீங்கும்போது சிற்றாறாகவே செல்கிறது. தாமிரபரணியில் கலந்த பின்னரும் அதன் நீர் வீணாவதில்லை. அதுபோலத் தமிழ்த்துறை பிற துறைகளோடு கலப்பதால் தன் தனித்தன்மையை இழந்துவிடாது. வரும் கல்வியாண்டிலேயே முதல் சொற்பொழிவிற்கு நாள் குறிப்போம். இரு பேராசிரியர்களுக்கும், குளத்து நீரைக் காத்து வரும் ஒரு முதியவருக்கும் இப்போதே அழைப்பு எழுதுவோம். இறைவன் நம் முயற்சிக்குத் துணை நிற்பானாக!